பாஸ்தாவும் வேணும், சர்க்கரையும் ஏறக்கூடாதா? போலோனீஸ் டின்னரை 'லோ கார்ப்' ஆக மாற்றுவது எப்படி?

வீட்டில் இன்றிரவு பாஸ்தா. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு மட்டும் தனியாக இரண்டு சப்பாத்தி. "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம், நீங்க சாப்பிடுங்க" என்று அவர் ஒதுங்கிக்கொள்வார்.

பல வீடுகளில் நடப்பது இதுதான். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்காகச் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு 2023இல் தெரிவித்தது. ஒரு மேசையில் நாலு பேர் உட்கார்ந்தால், ஒருவருக்குத் தனிச் சமையல் என்பது சகஜமாகிவிட்டது.

ஆனால், அப்படித் தனியாகச் சமைக்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தாலியின் புகழ்பெற்ற போலோனீஸ் பாஸ்தாவில் ஒரே ஒரு பொருளை மாற்றினால், தட்டில் இருக்கும் கார்போஹைட்ரேட் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எப்படி? யார் சாப்பிடலாம்? யார் ஜாக்கிரதையாக இருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போலோனீஸ் என்றால் என்ன?

இத்தாலியின் வடபகுதியில் உள்ள நகரம் போலோன்யா. அந்த ஊரின் இறைச்சிக் குழம்புக்குப் பெயர் 'ரகூ'. ஜாதகத்தில் வரும் ராகு இல்லை, இது சாப்பிடும் ரகூ. கொத்துக்கறியை வெங்காயம், கேரட், செலரியோடு வதக்கி, தக்காளியும் வைனும் பாலும் சேர்த்து, மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவைப்பதுதான் இது.

இந்தச் செய்முறையை யாரும் இஷ்டத்துக்கு மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, இத்தாலிய சமையல் அகாடமி 1982 அக்டோபர் 17 அன்று இதைப் போலோன்யா வர்த்தக சபையில் முறைப்படி பதிவு செய்தது. 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகமே 'ஸ்பெகட்டி போலோனீஸ்' என்று சொன்னாலும், போலோன்யாவில் ரகூவை ஸ்பெகட்டியோடு பரிமாறுவது வழக்கமில்லை. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவில் செய்யும், நாடா போன்ற 'தாலியத்தெல்லே' பாஸ்தாதான் அதற்கு ஜோடி. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, ரகூ எதோடு சேர்கிறது என்பது ஊருக்கு ஊர் ஏற்கெனவே மாறியிருக்கிறது. உணவின் உயிர் குழம்பில்தான் இருக்கிறது. லோ கார்ப் சமையலுக்கு இதுதான் பெரிய வசதி.

தட்டில் கார்போஹைட்ரேட் எங்கே இருக்கு?

இத்தாலியில் ஒருவருக்கு ஒரு வேளைக்கான அளவாகப் பரிந்துரைக்கப்படுவது 80 கிராம் உலர்ந்த பாஸ்தா. அதில் சுமார் 58 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது.

ஒருவர் பங்குக்கு வரும் ரகூவில்? தக்காளி, வெங்காயம், கேரட், பால் எல்லாம் சேர்த்தே சுமார் 10 கிராம்தான்.

அதாவது, 68 கிராமில் 58 கிராம் பாஸ்தாவிலிருந்து வருகிறது. குழம்பைக் கைவைக்கவே வேண்டாம். பாஸ்தாவை மாற்றினால் போதும். 'டயட்' என்று சொல்லி எண்ணெயைக் குறைத்து, கறியைக் குறைத்து, குழம்பைச் சப்பென்று ஆக்கிவிட்டு, பாஸ்தாவை மட்டும் அப்படியே விடுவது தலைகீழான வேலை.

அப்போ பாஸ்தா கெட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்க 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' என்ற அளவீடு இருக்கிறது. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் தலைமையிலான குழு 1981இல் இதை அறிமுகப்படுத்தியது. குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண் என்றால், வெள்ளை அரிசிச் சோற்றுக்குச் சராசரியாக 73. ஸ்பெகட்டிக்கு சுமார் 49தான்.

காரணம், நல்ல பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில் செய்யப்படுவது. அதில் உள்ள புரதம் வலைபோல மாவுச்சத்தைப் பிடித்துவைத்திருப்பதால், செரிமானம் மெதுவாக நடக்கிறது. குழையக் குழைய வேகவைத்தால் அந்த வலை அவிழ்ந்துவிடும். இத்தாலியர்கள் பாஸ்தாவைப் பல்லில் சற்றுத் தட்டுப்படும் பதத்தில் இறக்குவது ருசிக்காக மட்டுமல்ல, உடம்புக்கும் நல்லதுதான்.

பிரச்னை வேகத்தில் இல்லை, அளவில். 80 கிராம் என்பது தட்டில் பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். எடைபோடாமல் அள்ளிப் போட்டால் 120 கிராம் சாதாரணமாக வந்துவிடும். அப்போது பாஸ்தாவில் மட்டும் 86 கிராம் கார்போஹைட்ரேட். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக 'லோ கார்ப்' என்கிறார்கள். ஒரே வேளையில் அதில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

பாஸ்தாவுக்குப் பதில் என்ன போடலாம்?

• சுக்கினி: பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த, வெள்ளரி போலத் தோன்றும் காய். 100 கிராமில் சுமார் 3 கிராம் கார்போஹைட்ரேட்தான். நீளமாகச் சீவினால் நூடுல்ஸ் போலவே இருக்கும். இத்தாலியிலும் சாதாரணமாகச் சமைக்கப்படும் காய் என்பதால் ரகூவோடு ருசி ஒத்துப்போகும்.

• முட்டைக்கோஸ்: 100 கிராமில் சுமார் 6 கிராம். நாடா போல அகலமாக நறுக்கி வதக்கினால் தாலியத்தெல்லேவின் இடத்தைப் பிடிக்கும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும்.

• கத்தரிக்காய்: இதுவும் சுமார் 6 கிராம்தான். நூடுல்ஸுக்கு ஆகாது. பெரிய கத்தரிக்காயை நீளவாக்கில் தட்டையாக வெட்டிச் சுட்டு, லசான்யாவில் மாவுத் தகட்டுக்குப் பதில் அடுக்கலாம்.

• கொன்யாக் நூடுல்ஸ்: ஜப்பானில் 'ஷிராடாகி' என்று சொல்லப்படும், கிழங்கின் நாரில் செய்த நூடுல்ஸ். கார்போஹைட்ரேட் மிகமிகக் குறைவு. பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு வாடை வரும், நன்றாகக் கழுவி வெறும் வாணலியில் வறட்டினால் போய்விடும். ஆனால், வேறு சத்தும் பெரிதாக இல்லை.

கோதுமை பாஸ்தா, பருப்பு பாஸ்தா என்றெல்லாம் கடையில் விற்கிறார்களே? முழுக்கோதுமை பாஸ்தாவில் நார்ச்சத்து அதிகம். ஆனால் கார்போஹைட்ரேட் அளவு வெள்ளை பாஸ்தாவுக்குக் கிட்டத்தட்ட சமம். பருப்பு பாஸ்தாவில் புரதம் கூடுதல், கார்போஹைட்ரேட் ஓரளவு குறைவு. இரண்டும் நல்ல உணவுதான். 'லோ கார்ப்' என்று மட்டும் நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

நாலு பேருக்குத் தேவையான பொருட்கள்

• கொத்துக்கறி – 400 கிராம் (போலோன்யாவில் மாட்டிறைச்சி, மட்டன், சிக்கனிலும் செய்யலாம்)
• பெரிய வெங்காயம் – 100 கிராம்
• கேரட் – 60 கிராம்
• செலரித் தண்டு – 50 கிராம்
• நன்கு பழுத்த தக்காளி – 400 கிராம்
• பால் – 100 மில்லி
• ஆலிவ் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
• எலும்பு சூப் அல்லது வெந்நீர் – ஒன்றரை டம்ளர்
• சுக்கினி – 1 கிலோ
• உப்பு, மிளகுத்தூள் – தேவைக்கு
• துருவிய பார்மசான் சீஸ் – 40 கிராம்

போலோன்யா செய்முறையில் பான்செட்டா எனும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் வைனும் உண்டு. கொழுப்பையும் உப்பையும் குறைக்க, பான்செட்டாவை விட்டுவிடலாம். வைன் இல்லாவிட்டாலும் தக்காளியின் புளிப்பு ஈடுகட்டிவிடும். பூண்டு, கரம் மசாலா எல்லாம் அசல் ரகூவில் கிடையாது.

ரகூ செய்முறை

1. வெங்காயம், கேரட், செலரியை மிகப் பொடியாக நறுக்கவும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, சிறு தீயில் 10 நிமிடம் வதக்கவும். சிவக்கக் கூடாது, மெத்தென்று ஆனால் போதும்.

2. கொத்துக்கறியைச் சேர்த்துத் தீயைக் கூட்டவும. முதலில் தண்ணீர் விடும். அது முழுக்க வற்றி, கறி சடசடவென்று பொரியும் சத்தம் கேட்கும்வரை கிளறவும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் குழம்பு அவித்த கறி போல ஆகிவிடும். ருசியே இங்கேதான் உருவாகிறது.

3. தக்காளியை அரைத்துச் சேர்க்கவும். உப்பு, மிளகுத்தூள் போடவும். ஒரு டம்ளர் சூப் ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்தபடி வைத்து, சிறு தீயில் சுமார் 2 மணி நேரம் வேகவிடவும். வற்றினால் மீதி சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும்.

4. பாதி வெந்ததும் பாலைச் சேர்க்கவும். தக்காளியின் புளிப்பை அது தணிக்கும்.

5. கடைசி 15 நிமிடம் மூடியை எடுத்துவிடவும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கணும். அதுதான் பதம்.

அவ்வளவு நேரம் இல்லையா? மட்டன் கொத்துக்கறி என்றால், தக்காளி சேர்த்த பிறகு அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, குக்கரில் 4 விசில் வைக்கலாம். அப்புறம் திறந்து, பால் சேர்த்து, 15 நிமிடம் வற்றவிடணும். அசலுக்கு ஒரு படி குறைவுதான், ஆனால் வேலை நாளுக்குப் போதும்.

சுக்கினி நூடுல்ஸ்: தண்ணி விடாமல் செய்வது எப்படி?

'ஒரு தடவை செஞ்சேன், தட்டு முழுக்கத் தண்ணி' என்று பலரும் இதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். சுக்கினியில் சுமார் 95 சதவீதம் நீர். பாஸ்தா குழம்பை உறிஞ்சும், அதன் மாவு குழம்பைக் கெட்டியாக்கும். சுக்கினி நேர் எதிர். உறிஞ்சாது, தண்ணீரை வெளியே விடும். எனவே பாஸ்தா மாதிரியே இதையும் கையாண்டால் தோல்வி நிச்சயம்.

1. சுக்கினியைக் கழுவி, சின்னதாக ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுக்கினி, சுரைக்காய் போன்ற பூசணிக் குடும்பக் காய்களில் சில சமயம் 'குக்குர்பிட்டாசின்' என்ற நச்சு கூடிவிடும். கசப்புதான் அதன் அடையாளம். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

2. தோலை எடுக்க வேண்டாம். ஸ்பைரலைசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், தோல் சீவியால் நீளநீளமாக நாடா போலச் சீவுங்கள். நடுவில் உள்ள விதைப்பகுதி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதில்தான் நீர் அதிகம். அந்த நடுப்பகுதியைச் சாம்பாரிலோ கூட்டிலோ போடலாம்.

3. அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறி, வடிதட்டில் 15 நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் போட்டு மெதுவாகப் பிழியுங்கள். உப்பு ஏற்கெனவே ஏறியிருப்பதால், ரகூவில் உப்பைக் குறைத்தே போடணும்.

4. அகலமான வாணலியை நன்றாகக் காயவிட்டு, சில துளி எண்ணெயில் ஒன்றரை முதல் 2 நிமிடம் மட்டும் புரட்டுங்கள். மூடக் கூடாது. ஒரே நேரத்தில் முழுவதையும் போடாமல், இரண்டு தடவையாகப் போடுங்கள்.

5. குழம்போடு சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள். தட்டில் நூடுல்ஸை வைத்து, மேலே சூடான ரகூவை ஊற்றி, சீஸ் தூவி உடனே பரிமாறுங்கள். நேரம் ஆக ஆகத் தண்ணீர் விடும்.

ஒரு தட்டில் எவ்வளவு? ஒப்பிட்டுப் பார்க்கலாம்

• ரகூவுடன் 80 கிராம் பாஸ்தா: சுமார் 68 கிராம் கார்போஹைட்ரேட்
• ரகூவுடன் 40 கிராம் பாஸ்தா, 125 கிராம் சுக்கினி: சுமார் 43 கிராம்
• ரகூவுடன் 250 கிராம் சுக்கினி: சுமார் 18 கிராம்

இப்போது அப்பாவின் சப்பாத்திக்கு வருவோம். ஒன்றுக்கு 25 கிராம் மாவு என்று வைத்தாலே, இரண்டு சப்பாத்தியில் சுமார் 36 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. பாஸ்தாவைத் தியாகம் செய்துவிட்டு அவர் சாப்பிடுவதில் பாதிதான், சுக்கினி போலோனீஸ் தட்டில் இருப்பது.

நடுவில் உள்ள பாதிக்குப் பாதி முறையையும் லேசாக நினைக்க வேண்டாம். நிஜ பாஸ்தாவின் ருசியும் இருக்கும், வயிறும் நிறையும், தொடர்ந்து கடைப்பிடிக்கவும் முடியும். லோ கார்ப் உணவுமுறையில் முதல் 6 மாதங்களில் தெரியும் பலன், ஓராண்டு ஆகும்போது குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் வழியே நல்ல வழி.

அசைவம் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

காளான் 400 கிராமைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். 50 கிராம் மீல் மேக்கர் துகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தால் புரதம் கிடைக்கும். கறிக்கு ஆகும் 2 மணி நேரம் இதற்குத் தேவையில்லை, 40 நிமிடம் போதும். உதிர்த்த பன்னீர் சேர்ப்பதானால் கடைசியில் சேருங்கள்.

பாஸ்தாவை எடுத்துவிட்டால் அதிலிருந்து வரும் சுமார் 10 கிராம் புரதமும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. வெறும் காயும் தக்காளிக் குழம்பும் சாப்பிட்டால், ராத்திரி பத்து மணிக்குப் பசி எடுத்து பிஸ்கட் டப்பாவைத் தேடும் நிலை வரும்.

கடையில் வாங்கும் பாஸ்தா சாஸ் போதாதா?

பாட்டில் சாஸ்களில் சிலவற்றில் சர்க்கரையும் மக்காச்சோள மாவும் சேர்க்கப்பட்டிருக்கும். லேபிளின் ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தக் கார்போஹைட்ரேட், சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள். அது 100 கிராமுக்கான அளவா, பாட்டில் முழுவதற்குமா என்பதையும் கவனிக்கணும். வீட்டில் தக்காளியை அரைப்பது இதைவிட எளிது.

யார் கவனமாக இருக்கணும்?

நீரிழிவு உள்ளவர்களின் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த, மொத்தக் கார்போஹைட்ரேட்டைக் குறைப்பதற்கே அதிக ஆதாரம் இருப்பதாக அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019 அறிக்கையில் கூறியது. ஆனால், மருந்து எடுப்பவர்கள் ஒரே நாளில் உணவை மாற்றுவது ஆபத்து.

• இன்சுலின் போடுபவர்கள், கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள்: மருந்தின் அளவு, வழக்கமாகச் சாப்பிடும் கார்போஹைட்ரேட்டுக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டிருக்கும். மருந்து அதே அளவில் இருந்து, உணவில் மட்டும் 50 கிராம் குறைந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பரிசோதிக்கவும். 70க்குக் கீழே இருந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதிக்கணும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும்.

• டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள்: கார்போஹைட்ரேட்டை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் 'கீட்டோஅசிடோசிஸ்' ஆபத்து இருக்கிறது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது வரலாம்.

• சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள்: புரதம், பொட்டாசியம், உப்பு ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.

இவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, பாதிக்குப் பாதி முறையில் தொடங்குவது பாதுகாப்பானது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடும் முன்பும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் உடம்புக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

வளரும் குழந்தைகளுக்கும் நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பாஸ்தாவை நிறுத்த எந்த அவசியமும் இல்லை. அவர்களுக்கு வழக்கமான பாஸ்தாவே இருக்கட்டும். ஒரே பாத்திரத்தில் ரகூ, ஒரு அடுப்பில் பாஸ்தா, பக்கத்து அடுப்பில் 2 நிமிட சுக்கினி. கூடுதல் வேலை அவ்வளவுதான். அப்பாவும் அதே மேசையில், அதே குழம்பைச் சாப்பிடலாம்.